“எங்க வம்சத்துக்கே சளி ஆகாதுங்கிறாங்க, நிஜமா டாக்டர்?”

பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து 34 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

மல்பெரி வைத்துப் பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம். தாய்மாமனையே கட்டியிருக்கிறார். அதனால் மாமியார் என்பவர் அம்மாவைப் பெற்ற பாட்டியேதான். 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், 58 வயது அப்பா ஒன்பது நாள் ஆக்சிஜனில் இருந்து இறந்துபோனார். அவருக்கு நெடுநாளாகச் சர்க்கரை உண்டு, தடுப்பூசி போட்டிருக்கவில்லை. அதே வாரம் 52 வயதுச் சித்தப்பாவும் ஐசியூவுக்குப் போய், எப்படியோ பிழைத்து வந்தார். ஆனால் அப்பாவுக்குக் கடைசிவரை கஞ்சி வைத்துக் கொடுத்த அம்மாவுக்கு இரண்டு நாள் காய்ச்சலோடு சரியாகிவிட்டது.

இப்போது கவலை மகனைப் பற்றி. நான்கு வயது. ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது ஆர்எஸ்வி என்ற வைரஸ் வந்து ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். அதன்பின் சளி பிடித்தாலே வீசிங். போன மார்கழியில் இன்ஃப்ளூயன்சா காய்ச்சல் வந்து, சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று நாள் ஐசியூ. ஒன்பது வயது மகளுக்கு இப்படி எதுவும் வந்ததில்லை.

ஓசூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கணவரின் தம்பி, எச்சிலை வைத்து மரபணு பார்க்கும் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கி இவருக்குச் சோதித்திருக்கிறார். வந்த அறிக்கையில் ‘கடுமையான சுவாச வைரஸ் நோய்: அபாயம் அதிகம்’ என்று சிவப்பில் இருக்கிறது, நியாண்டர்தால் மரபணு என்று ஒரு விளக்கமும் இருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. “உங்கப்பன் வழி நெஞ்சுதான் பையனுக்கும்” என்கிறார் மாமியார். “பிறப்பிலேயே இருந்தா ஊசி போட்டு என்ன ஆகப்போகுது” என்று தடுப்பூசி வேண்டாம் என்கிறார் கணவர். பையனைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். தங்கைக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் இந்தப் பேச்சால் தொங்கலில் நிற்கிறது. மாப்பிள்ளை வீட்டார் அந்த அறிக்கையைக் காட்டச் சொல்கிறார்களாம். “இது எங்கள் மரபணுவில் இருக்கும் வியாதியா? பையனுக்கும் எச்சில் டெஸ்ட் எடுக்கலாமா? நான் என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

“ராத்திரி அவன் மூச்சை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், எண்ணிக்கை தப்பினால் மறுபடியும் முதலிலிருந்து எண்ணுகிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். எண்ணத் தெரிந்த தாய் கிடைப்பது டாக்டருக்குப் பெரிய உதவி. ஆனால் எந்த ராத்திரி எண்ண வேண்டும், எத்தனை வந்தால் கிளம்ப வேண்டும் என்று தெரிந்துகொண்டால் மற்ற ராத்திரிகளில் நீங்கள் தூங்கலாம். அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

அந்த மே மாதம் நானும் கொரோனா வார்டில்தான் இருந்தேன். அண்ணனும் தம்பியும் ஒரே ஆம்புலன்சில் வந்து இறங்குவார்கள். கணவர் மூச்சுக்குத் தவிப்பார். அதே வீட்டிலிருந்து வந்த மனைவி பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருப்பார். ஏன் ஒருவரை மட்டும் இப்படிப் போட்டு வாட்டுகிறது என்று கேட்டவர்களுக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. இன்று ஓரளவு இருக்கிறது. அந்தப் பதிலில் மரபணுவுக்கும் ஓர் இடம் உண்டு. எவ்வளவு இடம் என்பதில்தான் உங்கள் வீட்டில் கணக்குத் தப்பியிருக்கிறது.

நீங்கள் புழு வளர்ப்பவர் என்பதால் இதை உங்களுக்குச் சொல்வது எனக்குச் சுலபம். பால்புழு நோயும் வைரஸால் வருவதுதான். அது வந்தால், ஒரே தட்டில் ஒரே தழையைத் தின்ற புழுக்களில் சில வீங்கி, பால்போலக் கசிந்து சாகின்றன. சில கூடு கட்டிவிடுகின்றன. வெண்பட்டு இனம் நல்ல விலைக்குப் போகும், ஆனால் நோயைத் தாங்காது. மஞ்சள் கூடு கட்டும் கலப்பினம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆக, இனம் ஒரு காரணம்தான். தட்டில் எவ்வளவு நெரிசல், அந்த வாரம் வெயில் எப்படி, போன பேட்ச் முடிந்து புழு வளர்க்கும் மனையை எப்படிக் கழுவினோம், புழு எவ்வளவு கிருமியைத் தின்றது என்பதெல்லாமும் காரணம். வெண்பட்டு வைத்திருப்பவர் “இனமே இப்படித்தான், மருந்து அடித்து என்ன பயன்” என்று மனையைக் கழுவாமல் விடுவாரா? மற்றவரைவிட ஒரு தடவை கூடவே கழுவுவார். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். புழுவுக்கு அவர் செய்வதைத்தான் பையனுக்கும் செய்யச் சொல்கிறேன்.

அந்தச் சிவப்பு எழுத்தின் பொருள்

நியாண்டர்தால் மனிதர்கள் ஏறக்குறைய 40,000 ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன ஓர் இனம். மறையுமுன் நம் முன்னோர்களோடு கலந்திருக்கிறார்கள். அந்த மிச்சம் இன்று நம் எல்லோரிடமும் துண்டு துண்டாக இருக்கிறது. மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களில் மூன்றாவதில் அப்படி ஒரு துண்டு, ஏறக்குறைய 50,000 டிஎன்ஏ எழுத்து நீளம், கொரோனா கடுமையாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது என்று ஹியூகோ ஸீபர்க், ஸ்வாந்தே பாபோ என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2020இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். பழங்கால மனித மரபணு ஆராய்ச்சிக்காக 2022இல் நோபல் பரிசு வாங்கியவர்தான் இந்தப் பாபோ. ஐரோப்பாவில் நூற்றுக்குப் பதினாறு பேரிடம் இந்தத் துண்டு இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று மரபணு நமக்கு இரண்டு பிரதியாக வருகிறது. தெற்காசியாவில் பாதிப் பேரிடம் இந்தத் துண்டின் ஒரு பிரதியாவது இருக்கிறது.

பாதிப் பேர் என்பதை நிறுத்தி யோசியுங்கள். பாலக்கோட்டிலிருந்து தருமபுரி போகும் பஸ்ஸில் இருக்கும் எல்லோருக்கும் அதே டெஸ்ட் எடுத்தால் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சிவப்பு வரும். அவர்களில் பெரும்பாலோருக்கும் கொரோனா வந்து, போய், இன்று வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். இந்தத் துண்டு ஆபத்தை ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு வரை ஏற்றுகிறது. இது சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன். அறுபது வயதுக்கு உட்பட்டவர்களில் இதன் பாதிப்பு சர்க்கரை நோய் ஏற்றும் ஆபத்துக்கு இணையாக இருந்திருக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது நிச்சயம். அந்தத் துண்டு இருந்ததா என்பது யாருக்கும் தெரியாது. உங்களிடம் இருப்பது அம்மாவிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம். அப்படியானால் அதை வைத்துக்கொண்டே இரண்டு நாள் காய்ச்சலில் எழுந்து நடந்தவர் அவர்தான். யார் கொடுத்தது என்பதை உங்கள் எச்சிலை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

ஹைதராபாத்தில் உள்ள உயிரியல் ஆய்வு நிறுவனமான சிசிஎம்பியின் தங்கராஜ், காசி இந்துப் பல்கலைக்கழகத்தின் ஞானேஸ்வர் சௌபே ஆகியோர் அடங்கிய குழு, இந்தத் துண்டு அதிகமுள்ள மாநிலங்களில் கொரோனாச் சாவும் அதிகமா என்று 2021இல் பார்த்தது. அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. மாநிலத்தோடு மாநிலத்தை ஒப்பிட்ட ஆய்வு என்பதால் தனி ஆளைப் பற்றி இதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனாலும் ஐரோப்பாவில் எடுத்த கணக்கை அப்படியே நம் ஊருக்குப் போட்டுச் சிவப்பு மை பூசும் கம்பெனிகள் இதைக் கவனிக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். பன்னிரண்டாம் குரோமோசோமிலும் ஒரு நியாண்டர்தால் துண்டு இருக்கிறது. அது கொரோனா கடுமையாவதை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைக்கிறது. ஆபத்து என்று காட்டும் அந்த மூன்றாம் குரோமோசோம் துண்டே, இருப்பவர்களுக்கு எச்ஐவி தொற்றும் வாய்ப்பைக் கால் பங்குக்கு மேல் குறைப்பதாக ஸீபர்க் 2022இல் கண்டார். நல்லது, கெட்டது என்று ஒரே நிறத்தில் அச்சடிக்கக்கூடிய பொருளல்ல மரபணு.

இனி முக்கியமான திருத்தம். இதுவரை சொன்னதெல்லாம் கொரோனாவைப் பற்றியது. உங்கள் பையனைப் படுக்க வைத்தவை ஆர்எஸ்வியும் இன்ஃப்ளூயன்சாவும். ஒவ்வொரு வைரஸும் உடம்புக்குள் வேறு வாசல் வழியாக நுழைகிறது. அந்தந்த வாசலுக்குத் தனித்தனி மரபணுக்கள். கொரோனாவையும் இன்ஃப்ளூயன்சாவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு 2024இல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று, இரண்டுக்கும் ஆபத்தைக் கூட்டும் மரபணுக்கள் பெரும்பாலும் வேறுவேறு என்றே காட்டியது. இன்ஃப்ளூயன்சா ஒட்டிக்கொள்ளும் சர்க்கரைப் பிடியைச் செல்லின்மேல் கட்டும் மரபணு ஒன்று அதில் தனியாகத் தெரிந்தது. கொரோனாவுக்கு அதன் தேவை இல்லை. அதனால் உங்கள் அறிக்கையின் சிவப்பை எடுத்துப் பையனின் மார்கழிக் காய்ச்சலோடு முடிச்சுப் போட வழியில்லை. அவனுக்கும் அதே எச்சில் டெஸ்ட் எடுப்பதால் சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறாது. எடுக்க வேண்டாம். நான்கு வயதுக் குழந்தையின் மரபணு விவரம் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் இருக்கலாமா என்பதை, அவன் வளர்ந்து அவனே முடிவு செய்யட்டும்.

பையனுக்குப் பார்க்க வேண்டியது என்ன

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அதிக வாய்ப்பு உள்ளது சாதாரணமான ஒன்று: சளி வந்தால் சுருங்கிக்கொள்ளும் மூச்சுக்குழாய், அதாவது குழந்தைப் பருவ ஆஸ்துமாவின் வாசற்படி. இதிலும் மரபு கொஞ்சம் உண்டு. ஆர்எஸ்விக்காக ஆஸ்பத்திரிக்கு வந்த இரட்டைக் குழந்தைகளை வைத்து டென்மார்க்கில் நடந்த ஆய்வில் மரபணுவின் பங்கு சிறியதாகவும் வீட்டுச் சூழலின் பங்கு மிகப் பெரியதாகவும் இருந்தது. இன்ஹேலரை ஸ்பேசர் என்ற குழாய் வைத்துச் சரியாகக் கொடுத்தாலே அடுத்த சளியில் ஐசியூ தேவைப்படாமல் போகலாம். பம்ப் பழகிவிடும் என்று பாதியில் நிறுத்தாதீர்கள். அது பழக்கமாகும் மருந்து இல்லை.

ஆனால் இன்னொரு கதவையும் தட்டிப் பார்க்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். இங்கேதான் உங்கள் உறவுத் திருமணம் கணக்கில் வருகிறது. தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் பிறக்கும் குழந்தையின் மரபணுத் தொகுப்பில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு, இரண்டு பிரதியும் ஒரே முன்னோரிடமிருந்து வந்ததாக இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் இது பதினாறில் ஒரு பங்கு. ஒரு பிரதி பழுதானால் இன்னொன்று தாங்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே பழுதாக வந்தால் தாங்க ஆள் இல்லை. நோய் எதிர்ப்பில் வரும் சில அரிய குறைகள் இப்படித்தான் வருகின்றன.

அரிது என்ற சொல்லை நான் சும்மா போடவில்லை. வைரஸ் நுழைந்த செல், அக்கம்பக்கத்துச் செல்களைக் கூவி எழுப்ப இன்டர்ஃபெரான் என்ற பொருளை விடுகிறது. அந்தக் கூவலில் பிறவிப் பழுது உண்டா என்று, கொரோனாவில் உயிருக்குப் போராடியவர்களை வைத்து 2020இல் பன்னாட்டுக் குழு ஒன்று தேடியது. மிகக் கடுமையாக இருந்த அந்தக் கூட்டத்திலேயே நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடம்தான் அது கிடைத்தது. இன்ஃப்ளூயன்சாவிலும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. இரண்டரை வயதுப் பிரெஞ்சுப் பெண் குழந்தை ஒருத்திக்குக் காய்ச்சல் முற்றி வென்டிலேட்டர் வரை போனது. ஐஆர்எஃப்7 என்ற மரபணுவில் அப்பாவிடமிருந்து ஒரு பழுதும் அம்மாவிடமிருந்து வேறொரு பழுதும் அவளுக்கு வந்திருந்தது 2015இல் வெளியானது. பெற்றோர் இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. அந்தக் குழந்தைக்கு அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? வருடா வருடம் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசி போட்டார்கள். அதன்பின் அவளுக்கு அப்படிக் கடுமையான காய்ச்சல் திரும்ப வரவில்லை. மரபணுவே பழுதான குழந்தைக்கு ஊசி அவ்வளவு பயன்பட்டிருக்கிறது. உங்கள் வீட்டுக்காரருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஒரு வருடத்துக்குள் இரண்டு முறை நிமோனியா, எடை ஏறாமல் இருப்பது, வாயில் வெள்ளைப் படலம் போகாமல் இருப்பது, ஆழமான சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வருவது, ஆன்டிபயாடிக் மாதக்கணக்கில் கொடுத்தும் கேட்காதது, குடும்பத்தில் காரணம் தெரியாமல் கைக்குழந்தை இறந்திருப்பது: இவற்றில் ஏதாவது இருந்தால் நாங்கள் எதிர்ப்புக் குறையைச் சந்தேகிப்போம். உங்கள் கடிதத்தில் முதல் ஐந்தில் எதுவும் கண்ணில் படவில்லை, அது ஆறுதல்தான். கடைசியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் சேலம் மருத்துவமனையின் முழு ரெக்கார்டு. பில்லும் ஒரு பக்கத் தாளும்தான் கொடுத்தார்கள் என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். நோயாளியோ பெற்றோரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி சொல்கிறது. சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் அதை வைத்திருக்கவும் வேண்டும். எழுத்தில் கேளுங்கள், ஒரு நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வைரஸ், எக்ஸ்ரேயில் நிமோனியாவா வெறும் வீசிங்கா என்பது அதில்தான் இருக்கும்.

2. அதை எடுத்துக்கொண்டு தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு. வெள்ளணுக்களின் எண்ணிக்கை, ரத்தத்தில் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரதத்தின் அளவு ஆகியவற்றைக் கேளுங்கள். எச்சில் பெட்டிக்குக் கொடுத்த காசைவிடக் குறைந்த செலவில் முடியும் சாதாரண ரத்தப் பரிசோதனைகள் இவை.

3. அதில் ஏதாவது இடறினாலோ, இன்னொரு வைரஸ் காய்ச்சலில் மறுபடி ஐசியூ போக நேர்ந்தாலோ, அப்போது ஜெனிடிக்ஸ் மருத்துவர். இன்டர்ஃபெரான் சம்பந்தப்பட்ட பழுதுகள் சாதாரண ரத்தப் பரிசோதனையில் தெரியாது. மரபணுவையே வாசிக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு வேலூர் சிஎம்சியும் பெங்களூருவும் கிட்ட. பெங்களூருவில் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல மருத்துவமனையும் சேர்ந்து, 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையின்கீழ் சிறப்பு மையமாக இயங்குகின்றன. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கொண்டு போங்கள்.

அப்பா வழியா?

உங்கள் மாமியார் சொன்ன சொல் உங்களை எவ்வளவு சுட்டிருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. மரபியல் கணக்கைப் பாருங்கள். உறவுத் திருமணத்தால் இரண்டு பிரதியும் ஒரே பழுதாக வருவது, கணவன் மனைவி இருவருக்கும் பொதுவான முன்னோர் வழியாகத்தான். உங்கள் இருவருக்கும் பொதுவானவர்கள் உங்கள் அம்மாவைப் பெற்றவர்கள். உங்கள் அப்பா அந்தக் கோட்டிலேயே இல்லை. இதைத் திருப்பிப் போய்ப் பாட்டியைக் குற்றம் சொல்லவும் இடமில்லை. நம் எல்லோரிடமும் ஒற்றைப் பிரதியாகச் சில பழுதுகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கின்றன. யாரும் தெரிந்து கொடுப்பதில்லை.

அப்பா வழி என்று சொல்லவும் ஒரு பாதை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எக்ஸ் குரோமோசோமில் டிஎல்ஆர்7 என்ற மரபணு இருக்கிறது. அதில் பழுது உள்ள ஆண்களுக்குக் கொரோனா கடுமையாகியிருக்கிறது. நெதர்லாந்தில் ஆரோக்கியமான இளைஞர்களான அண்ணன் தம்பி ஜோடிகள் இரண்டு, 2020இல் ஐசியூவில் கிடந்தபோதுதான் இது தெரியவந்தது. அப்பாவிடம் இருந்தால் மகளுக்கு நிச்சயம் வரும். மகளிடமிருந்து பேரனுக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் அப்பா, சித்தப்பா, பையன் என்று வரிசை பார்க்கும் ஒருவருக்கு இது நினைவுக்கு வரும். ஆனால் அறுபதுக்கு உட்பட்டு உயிராபத்துக்குப் போன ஆண்களிலேயே நூற்றில் ஒருவர் இருவரிடம்தான் இது இருந்தது. உங்கள் அப்பாவுக்கு வயதும் சர்க்கரையும் போதுமான காரணங்கள். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் விழுந்ததற்கு, ஒரே வீட்டில் ஒரே காற்றைச் சுவாசித்தது இன்னொரு காரணம். பையனுக்கு வந்ததும் கொரோனா இல்லை. அதனால் இந்தச் சந்தேகத்துக்கு என்னிடம் வலு குறைவு. ஜெனிடிக்ஸ் மருத்துவரிடம் போனால் குடும்ப வரைபடம் போடுவார். அப்போது சித்தப்பா விஷயத்தையும் சொல்லுங்கள், போதும். சித்தப்பாவுக்கு இப்போது அவசரம் மரபணு இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை விடாமல் போடுவதுதான். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதே உங்கள் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். மாத்திரை வீட்டுக்கே வரும், கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

ஊசி, பள்ளிக்கூடம், புழு மனை

இன்ஃப்ளூயன்சா ஊசியைப் பையனுக்குப் போடுங்கள். அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை, வெளியில் வாங்க வேண்டியிருக்கும். முதல் வருடம் நான்கு வார இடைவெளியில் இரண்டு, அப்புறம் வருடத்துக்கு ஒன்று. நம் பக்கம் ஐப்பசி மழையோடு காய்ச்சல் ஏறும் என்பதால் ஆவணியிலேயே முடித்துவிடுவது நல்லது. அது செத்த கிருமியில் செய்த ஊசி. எதிர்ப்புக் குறை இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருக்கும்போதே போடலாம். உயிருள்ள கிருமியில் செய்த ஊசிகளை மட்டும் ரிசல்ட் வந்தபின் டாக்டரைக் கேட்டுப் போடுங்கள். காசு இடம் கொடுத்தால் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் பாட்டியும் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வைரஸைப் பெரியவர்களும் கொண்டுவரலாம்.

பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். வீட்டில் அடைத்து வைத்தாலும் அக்கா பள்ளியிலிருந்து சளியைக் கொண்டுவந்து கொடுத்துவிடுவாள். பையன் இழப்பது படிப்பும் விளையாட்டும்தான்.

கடிதத்தில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தீர்கள்: “மனை கழுவுற அன்னைக்கெல்லாம் இவனுக்கு இருமல் கூடும், அதுவும் எங்க நேரம்.” நேரம் இல்லை, சகோதரி. பிளீச்சிங் பவுடர் கரைக்கும்போது கிளம்பும் குளோரின், ஃபார்மலின் ஆவி, பறக்கும் சுண்ணாம்புத் தூள் மூன்றும் சுருங்கும் மூச்சுக்குழாயை உடனே பிடிக்கும். மருந்து அடிக்கும் அன்றும் மறுநாளும் அவன் மனைப் பக்கமே வர வேண்டாம். முடிந்தால் உங்கள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். விறகு அடுப்பு எரியும் நேரத்தில் அவன் சமையல் கட்டில் இருக்க வேண்டாம். வீட்டில் பீடி பிடிப்பவர் இருந்தால் வாசலைத் தாண்டிப் போகட்டும். உங்கள் கடிதம் முழுவதிலும், நாளைக் காலையே மாற்றக்கூடிய காரணம் இது ஒன்றுதான்.

சரி, மூச்சு எண்ணிக்கை. சளியோ காய்ச்சலோ இருக்கும் நாளில் மட்டும் எண்ணுங்கள். அவன் தூங்கும்போது, முழு ஒரு நிமிடம், வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து. இந்த வயதில் 40ஐத் தொட்டால் வேகம். காய்ச்சல் இறங்கியபின்னும் குறையவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, தண்ணீர் குடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, எழுப்ப எழுப்பச் சோர்ந்து விழுந்தாலோ எண்ணிக்கொண்டிருக்காதீர்கள், 108ஐக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் முதல் நாளே டாக்டரிடம் போய், போன மார்கழிக் கதையைச் சொல்லுங்கள். இன்ஃப்ளூயன்சாவுக்கான மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.

தங்கையின் சம்பந்தம்

அந்த அறிக்கை உங்களுடையது, தங்கையுடையது இல்லை. அதைக் கேட்க மாப்பிள்ளை வீட்டாருக்கு எந்த உரிமையும் கிடையாது. என் எண்ணத்தில் காட்டவும் வேண்டாம். தெற்காசியாவில் பாதிப் பேரிடம் இருக்கும் துண்டு அது, அவர்கள் வீட்டிலும் இருக்கலாம். அவர்கள் உறவு இல்லாத குடும்பம் என்றால், நான் மேலே சொன்ன இரட்டைப் பழுது பிரச்சினை தங்கையின் குழந்தைகளுக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. நெருங்கிய சொந்தம் என்றால் மட்டும், கல்யாணத்துக்கு முன் ஒருமுறை ஜெனிடிக்ஸ் ஆலோசனைக்குப் போய் வரட்டும். அதுவும் பையனின் ரத்தப் பரிசோதனை முடிவு தெரிந்தபின் போனால் பேச விஷயம் இருக்கும்.

கடைசியாக, விட்டுவைத்த அந்த ஒன்று. குடும்ப வரைபடத்தில் டாக்டர் முதலில் தேடுவது, சின்ன வயதிலேயே போய்விட்ட குழந்தைகளை. உங்கள் குடும்பத்தில் அதைச் சொல்லக்கூடியவர் உங்கள் பாட்டிதான். அவர் பெற்று இழந்த பிள்ளைகள் உண்டா, அவருடைய அக்கா தங்கைகள் வீட்டில் உண்டா, ஆணா பெண்ணா, எத்தனை மாதத்தில், என்ன காய்ச்சலில் என்று கேளுங்கள். அந்தக் காலத்தில் இதையெல்லாம் யாரும் அவரிடம் உட்கார்ந்து கேட்டிருக்க மாட்டார்கள். மாமியார் என்று நினைத்துப் போகாமல், பேத்தியாகப் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் ஒரு நோட்டோடு கேளுங்கள். அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதி, சேலம் ரெக்கார்டோடு சேர்த்துத் தருமபுரிக்குக் கொண்டு போங்கள்.